கொழுக்கி மருமகன் பக்கம்

1975 பெப்ரவரி 3, திங்கள்

மிளகாய்க்குத் தண்ணீர் இறைக்கிற முறை இன்று. பம் இயந்திரம் வழக்கம்போலக் கோபித்துக்கொண்டு நின்றது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டுக் கழன்றதுதான் மிச்சம். கடைசியில் அதன் தாய், தகப்பன், பரம்பரை எல்லாரையும் கூப்பிட்டு ஏசினேன். உடனே உறுமிக்கொண்டு தண்ணீரைத் தள்ளியது. எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கு இயந்திரங்களைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஏசி முடித்து நிமிர்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் மருமகன். வேலைக்கு வெளிக்கிட்டுச் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார்.

"மாமா, ஆரை ஏசினனீங்கள்?"

"பம்மைத் தம்பி."

"பம்முக்குப் பரம்பரை இருக்கோ?"

நல்ல பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சைக்கிள் ஒழுங்கை முடக்கில் மறைந்த பிறகுதான் விளங்கியது. அது பகிடி இல்லை, விசாரணை.

அருந்ததியை இந்தச் சண்முகநாதனுக்குக் கட்டிக்கொடுத்தது போன ஆவணியில். கரவெட்டிப் பிள்ளை. காங்கேசன்துறையில் ஒரு சாமான் ஸ்ரோருக்குப் பொறுப்பு. குடி இல்லை, சுருட்டு இல்லை, சீட்டு இல்லை. மகளுக்குச் சீதனமாய்க் கொடுத்த வீட்டில்தான் எங்கள் வழக்கப்படி வந்து இருக்கிறார். எங்கள் வளவின் மேற்குப் பாதிதான் அது. நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி. வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. என் மனைவி நாகேஸ்வரி கறிச்சட்டியும் கையுமாய் அந்தப் பொட்டால் போவதும் வருவதுமாய் இருப்பாள். பொட்டு இல்லாவிட்டால் ஒழுங்கையைச் சுற்றித்தான் போகவேணும்.

நல்ல மனிதர்தான். கொஞ்சம் இறுக்கம். நான் இளக்கிவிடுவேன். ஆழ்வாப்பிள்ளையால் சிரிக்கவைக்க முடியாத ஆள் இந்தக் குடாநாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

மயிலிட்டியிலிருந்து நல்ல விளைமீன் வந்தது. நாகேஸ்வரி குழம்பு வைத்துப் பொட்டால் கொண்டுபோனாள். போன வேகத்தில் கண் கலங்கித் திரும்பி வந்தாள். மருமகன் சட்டியை மணந்து பார்த்தாராம். பிறகு அருந்ததியை முதலில் சாப்பிடச் சொல்லிவிட்டு, பேப்பரைப் பார்க்கிற சாட்டில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். ஆறப்போட்டுத்தான் சாப்பிட்டாராம்.

பின்னேரம் வேலியடியில் கண்டேன். நிலைமையை இளக்குவோம் என்று, "தம்பி, உவவின்ரை சமையலை நான் இவ்வளவு காலமாய்ச் சாப்பிட்டு இன்னும் உயிரோடை நிக்கிறன். நான்தான் சாட்சி" என்றேன். அழுதுகொண்டிருந்த நாகேஸ்வரியே சிரித்துவிட்டாள். மருமகன் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

பொழுதுபட அருந்ததி பொட்டடிக்கு வந்தாள்.

"அப்பா, ஏன் 'உயிரோடை' எண்டு சொன்னனீங்கள்? இவர் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்."

பெப்ரவரி 27, வியாழன்

இன்று இருமினேன். மருமகன் திரும்பிப் பார்த்தார். இனி இருமுவதற்கும் ஊரதிகாரி விதானையாரிடம் அனுமதி எடுக்கவேணும் போலிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

வேலியடைப்பு. இரண்டு பக்கத்தாரும் நின்று, கயிறு பிடித்து, கதியால் தடி நட்டுக் கிடுகு கட்டுவதுதான் ஊர் வழக்கு. ஆனால் இது என் பிள்ளையின் வேலிதானே. மருமகன் வேலையால் வந்து பார்க்கட்டும், ஒரு கரைச்சல் குறையட்டும் என்று அவர் போன பிறகு நானும் பரமலிங்கமும் தொடங்கினோம். பரமலிங்கம் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. இரண்டு பேரும் சேர்ந்தால் வேலை பாதி, சிரிப்பு பாதி. பூவரசு நின்ற இடத்தில் கயிறு தடக்கியது, ஒரு மாதிரி வளைத்துக் கட்டினோம். பொட்டை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினேன். நாகேஸ்வரி வர வர அகலமாகிறாள் என்று பரமலிங்கத்திடம் சொன்னேன்.

பச்சைக் கிடுகு வாசத்தோடு வேலி புதுமாப்பிள்ளைபோல நிற்கிறது. மருமகனுக்குச் சந்தோசமாய் இருக்கும்.

மார்ச் 12, புதன்

சந்தோசமோ!

நேற்று வந்தவர் வேலியைத் தடவிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டார். இன்று லீவு போட்டு நின்று, வேலி நெடுக நடந்து, அடி வைத்து அளந்தார். பிறகு கருக்குமட்டை வெட்டிக்கொண்டு வந்து பொட்டை அடைத்துவிட்டார். வாள்போலப் பல்லுள்ள பனைமட்டை. என்ரை பிள்ளைக்கும் எனக்கும் நடுவிலை கருக்குமட்டை!

கேட்டேன். கேளாமல் விடுவேனோ?

"நான் இல்லாத நேரம் பாத்து ஏன் அடைச்சனீங்கள்? ஏன் என்ரை பக்கம் தள்ளி அடைச்சனீங்கள்? ஏன் இரண்டு பேரும் சிரிச்சனீங்கள்?"

"ஆர் தம்பி சொன்னது சிரிச்சதெண்டு?"

"அப்ப சிரிச்சது உண்மை."

உவருக்கு என்ன விசரோ? ஒரு துண்டு நிலத்துக்கு நான் என்ரை பிள்ளையை ஏமாத்துவனோ? நாகேஸ்வரி சாப்பிடேல்லை. நானும் சாப்பிடேல்லை. இல்லை, கொஞ்சம் சாப்பிட்டேன். பொய் எழுதக் கூடாது.

மார்ச் 30, ஞாயிறு

கோயிலில் தாயும் மகளும் சந்தித்தார்கள். அருந்ததி உண்டாகியிருக்கிறாள்.

இதை எழுதும்போது எனக்குக் குதிக்கவேணும் போல இருக்கவேண்டும். ஆனால் அவள் சொன்ன மற்றது குதிக்க விடவில்லை. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு என்பது ஊருலகம் முழுக்க நடக்கிறது. எங்களுக்கோ தாய்வீடு வேலிக்கு இந்தப் பக்கம், கூப்பிடு தூரம்கூட இல்லை. மருமகன் விடமாட்டாராம். தாயையும் அங்கே எடுக்கமாட்டாராம். "அவையள் உன்னையும் பிள்ளையையும் என்னட்டையிருந்து பிரிச்சுப்போடுவினம்" என்றாராம்.

ஐப்பசியில் பிள்ளை. அதற்குள் இந்த வேலியை வெல்லவேணும். வெல்லுவேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப்பிறப்பு. நாகேஸ்வரி சாத்திரியாரிடம் போய் வந்தாள். ஏழரைச் சனியாம், யாரோ செய்வினையும் செய்திருக்கிறார்களாம். அவளின் தம்பிமார் இரண்டு பேரும் புது வேட்டி கட்டி வந்து, "அத்தான், நீங்கள் ஓமெண்டால் இண்டைக்கே பெட்டையைத் தூக்கிக்கொண்டு வாறம்" என்றார்கள். பரமலிங்கமும் சேர்ந்து, "வேலியை நான் பிரிக்கிறன், அடைச்ச எனக்குத் தெரியாதோ எங்கை பிரிக்கிறதெண்டு" என்றான்.

ஓமென்று சொல்ல வாய் வந்தது. உண்மையாய் வந்தது.

பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அருந்ததி மெதுவாய்க் கூப்பிட்டாள். முகம் தெரியவில்லை, கிடுகுக்குள்ளால் குரல் மட்டும்.

"அப்பா, மாமாமாரை அனுப்பிப் போடாதேங்கோ. இவர் எனக்கு ஒரு நாளும் கை நீட்டினதில்லை. ஏசினதுமில்லை. வாசல் படலையைப் பூட்டிப்போட்டு வந்து படுப்பார், திரும்பவும் எழும்பிப் போய் இழுத்துப் பாப்பார். அது கோபமில்லை அப்பா. பயம்."

"என்னத்துக்குப் பயம் பிள்ளை? எனக்கோ?"

"உங்கடை சிரிப்புக்கு."

ஒரு மனிதன் என் சிரிப்புக்குப் பயப்படுகிறானா? என்னை எல்லாரும் கோமாளி என்றுதானே சொல்லுவார்கள்?

மே 4, ஞாயிறு

டொக்ரர் பெர்னடெட் தன் தாயைப் பார்க்க வந்திருந்தார். அடுத்த ஒழுங்கைதான், சின்ன வயதிலிருந்து தெரிந்த பிள்ளை. இப்போது ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பகுதியில் வேலை. வெங்காயம் ஒரு பிடி கொண்டுபோன சாட்டில் போய் விறாந்தையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மீன்குழம்பு, இருமல், வேலி.

"பிள்ளை, என்ரை மருமகனுக்கு விசரோ?"

"ஆளைப் பாக்காமல் நான் பேர் வைக்கமாட்டன் ஐயா. ஆரும் இல்லாத இடத்திலை குரல் கேக்குதெண்டு சொல்லுறவரோ?"

"இல்லை."

"வேலையிலை எப்பிடி?"

"ஸ்ரோரிலை ஒரு ஆணி காணாமல் போனதில்லை."

"அருந்ததிக்கு அடிக்கிறவரோ?"

"இல்லை. அவளே சொன்னவள்."

"அடிச்சால் அண்டைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒரு ஆளை விளங்கிக்கொள்ளுறது வேறை, அடி வாங்குறது வேறை."

பிறகு விளங்கப்படுத்தினார். சந்தேகம் எனக்கும் உங்களுக்கும் வந்து போகிற விருந்தாளி. சில பேருக்கு அதுதான் வீட்டுக்காரர். வாலிபத்திலேயே வந்து குடியேறிவிடும், மற்ற எல்லாவற்றையும் வெளியே நிறுத்திவிடும். ஆள் வேலைக்குப் போவார், கணக்குப் பார்ப்பார், மனைவியில் பட்சமாயும் இருப்பார். ஆனால் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம் ஒரு நாளும் இறங்காது. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு நீளப் பெயர் சொன்னார். 'பரனோயிட்' என்ற தலைமட்டும் பிடிபட்டது, வால் பிடிபடவில்லை. எழுதித் தரக் கேட்டேன்.

"வேண்டாம். பேரை வைச்சு நீங்கள் பகிடி விடுவியள்."

"மருந்து இருக்கோ?"

"அவருக்கு அது ஒரு வருத்தமாய், நோயாய்த் தெரியாது ஐயா. தான் கவனமான ஆள், மற்றவைதான் மறைக்கினம் எண்டுதான் தெரியும். இப்ப வாங்கோ டொக்ரரிட்டை எண்டால் அதையும் சதியெண்டு நினைப்பார். நித்திரை இல்லாமல் கஸ்டப்பட்டால் தானாய் வரக்கூடும், அப்ப பாப்பம். இப்ப மருந்து உங்களுக்குத்தான்."

"எனக்கோ?"

"உங்கடை வாய்க்கு. பகிடியை விடுங்கோ."

"பகிடி இல்லாட்டி நான் ஆர் பிள்ளை?"

அவர் சிரித்தார். பிறகு சொன்னது மனதில் தைத்துவிட்டது. "பகிடி எண்டால் என்ன? சொல்லுறது ஒண்டு, நினைக்கிறது ஒண்டு. அந்த இடைவெளிதான் எங்களுக்குச் சிரிப்பு. அவருக்கு அந்த இடைவெளிக்குள்ளைதான் பாம்பு இருக்கு."

புத்தியும் சொல்லி அனுப்பினார்: வாதாடி வெல்லப் பார்க்காதேங்கோ. செய்யப்போவதை முன்னுக்குச் சொல்லுங்கோ, சொன்னதை மட்டும் செய்யுங்கோ. பிழை விட்டால் பிழை என்று சொல்லுங்கோ. கனக்க இனிக்கவும் வேண்டாம், ஏன் இனிக்கிறார் என்று அவர் யோசிப்பார். வழி முழுக்க இதையே நெட்டுருப் பண்ணிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் நானும் இன்று அரசாங்கக் கச்சேரியில் கதிரையில் இருந்திருப்பேன்.

மே 6, செவ்வாய்

இன்று ஒரு பகிடியும் விடவில்லை. நாகேஸ்வரி என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

மே 25, ஞாயிறு

சம்பந்தி ஞானாம்பிகை கரவெட்டியிலிருந்து மகனைப் பார்க்க வந்தார். போகும்போது ஒழுங்கையால் சுற்றி எங்களிடமும் வந்தார். இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை, முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"அவன் சின்னனிலையிருந்தே அப்பிடித்தான் அண்ணை. பள்ளிக்கூடத்திலை பொடியள் சிரிச்சால், 'அம்மா, என்னைப் பற்றியோ சிரிச்சவை?' எண்டு ஓடி வந்து கேப்பான். தகப்பனும் இல்லாத வீடு, எனக்கும் ஆயிரம் கரைச்சல். 'உனக்கு வேறை வேலை இல்லையோ' எண்டு ஏசுவன். பிறகு கேக்கிறதை விட்டிட்டான்."

"சந்தேகப்படுறதை விட்டவரோ?"

"இல்லை அண்ணை. கேக்கிறதைத்தான்."

ஜூன் 8, ஞாயிறு

டொக்ரர் சொன்னதில் ஒன்றை மறந்து, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு கூடை ஒழுங்கையால் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் நிறையச் சிரிப்போடு கொடுத்தேன். சிரிப்பும் கூடிவிட்டது, பழமும் கூடிவிட்டது. கூடை அப்படியே படலையடிக்குத் திரும்பி வந்தது.

கனக்க இனிக்கவும் வேண்டாம் என்றாரே, மடையா.

பழத்தைப் பரமலிங்கம் சாப்பிட்டான். அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, நேரே பார்த்து, சிரிக்காமல் சொன்னேன்: "தம்பி, நாளைக்குக் காலமை நான் இறைப்பன். பம் சத்தம் கேக்கும். தண்ணி உங்கடை பக்கம் வராது."

"ஏன் எனக்குச் சொல்லுறியள்?"

"சத்தம் கேக்கும் எண்டபடியால்."

அவ்வளவுதான். நாளைக்கு இறைப்பேன். பம்மைக்கூட ஏசமாட்டேன்.

ஜூன் 18, புதன்

இறைத்தேன். ஏசவில்லை. தோள்மூட்டுப் போய்விட்டது.

ஜூலை 1, செவ்வாய்

மருமகன் விதானையாரிடம் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். வேலி அவர் பக்கம் தள்ளி அடைக்கப்பட்டதாம். ஊர் முழுக்கக் கதை. கூட்டுறவுச் சங்கக்கடையில் நான் போக எல்லாரும் என்னைப் பார்க்காமல் அரிசி பார்க்கிறார்கள். நாகேஸ்வரியின் தம்பிமார் திரும்பவும் வேட்டியை மடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

எனக்குச் சந்தேகமே இல்லை, வேலி நேர்தான். கயிறு பிடிக்கட்டும், வெட்கப்படட்டும். ஊருக்கு முன்னால் நான் நேர்மையான ஆள் என்று தெரியட்டும். மனதுக்குள் ஒரு நல்ல வசனமும் ஆயத்தம் பண்ணிவிட்டேன். 'தம்பி, வளைஞ்சது வேலியில்லை, உங்கடை கண்' என்று. கைதட்டல் விழும்.

ஜூலை 6, ஞாயிறு

மெதுவாய் எழுதுகிறேன்.

விதானையார் வந்தார். வளவின் இரண்டு முனையிலும் பழைய எல்லைக் கல் இருக்கிறது. ஒரு முனையில் நான், மறு முனையில் மருமகன், நடுவில் ஊர். கயிற்றை இறுக்கிப் பிடித்தோம். முனைகளில் வேலியும் கயிறும் ஒன்றாய் நின்றன. நடுவில், பூவரசடியில், வேலி கயிற்றைத் தாண்டி அவர் பக்கம் ஒரு சாண் தள்ளி நிற்கிறது.

ஒரு சாண். நானும் பரமலிங்கமும் சிரித்துச் சிரித்து வளைத்துக் கட்டிய இடம்.

மைத்துனன்மார் என்னைப் பார்க்கிறார்கள். நான் ஆயத்தம் பண்ணிய வசனம் தொண்டையில் முள்போல நின்றது. ஒரு சாணுக்கு ஒரு பகிடி விட்டால் எல்லாரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். என் வாய்க்கு அந்தப் பாதை நன்றாய்த் தெரியும்.

"தம்பி சொன்னது சரி" என்றேன். "வேலி அவற்றை பக்கம் தள்ளித்தான் நிக்குது. அவர் இல்லாத நேரம் அடைச்சதும் பிழை. நான்தான் பிழை. இண்டைக்கே பிரிச்சு, அவர் கயிறு பிடிக்க, நேராய் அடைக்கிறன்."

மருமகன் கயிற்று முனையை விடாமல் நின்றார். "வேணுமெண்டு செய்தனீங்களோ?"

"இல்லைத் தம்பி. கவனமில்லாமல் செய்தது. நீங்கள் நம்பவேணும் எண்டு நான் கேக்கேல்லை."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு வேலி பிரித்து அடைக்கும்போது பின்னேரம் வரை கயிறு பிடித்துக்கொண்டு நின்றார். இறுக்கமான பிடி. கயிறு ஒரு நூல்கூடத் தளரவில்லை. இந்த ஊரில் இவ்வளவு நேரான வேலி இனி இராது.

சந்தேகக்காரன் சொல்வதெல்லாம் பொய் என்று தீர்மானித்துக்கொண்டு போனது யார்? விசாரிக்காமல் தீர்ப்பு வைத்திருந்தது யார்? இதற்கும் ஒரு நீளப் பெயர் இருக்கும். டொக்ரரிடம் கேட்கவேணும்.

ஜூலை 13, ஞாயிறு

வேலிக்கு மேலால் சொன்னேன்: "தம்பி, பொட்டு இருந்த இடத்திலை ஒரு சின்னப் படலை போடலாம் எண்டு யோசிக்கிறன். கொழுக்கி உங்கடை பக்கம். எங்கடை பக்கத்திலை ஒண்டும் இல்லை. நீங்கள் திறந்தால் நாங்கள் வருவம், திறக்காட்டி வரமாட்டம். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"எங்கடை பக்கத்தாலை திறக்கேலாதோ?" என்று நாகேஸ்வரி இரவு முழுக்கக் கேட்டாள். திறக்கேலாது என்பதுதான் விசயம் என்று அவளுக்கு விளங்கப்படுத்த விடிந்துவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

"கொழுக்கி நான் வாங்குவன்" என்றார் மருமகன்.

"ஓம்" என்றேன். நல்ல பதில். சின்னப் பதில். நான் தேறி வருகிறேன்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

படலை போட்டாயிற்று. கொழுக்கி பெரியது, ஒரு ஆனையைக் கட்டலாம். (இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.)

செப்ரெம்பர் 14, ஞாயிறு

படலை ஒரு நாளும் திறக்கவில்லை. நாகேஸ்வரி தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். நான் தட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சொன்னது என் வாய்தான். கை வேறு கட்சி. காலையில் அந்தப் பக்கம் போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போகிறேன்.

அருந்ததியை றோட்டில் கண்டேன். வயிறு பெருத்து, முகம் வெளுத்து, ஆனால் நல்ல தெளிவு. "அப்பா, இவர் கொழுக்கிக்கு எண்ணெய் போட்டவர்" என்றாள். பூட்டத்தானோ திறக்கத்தானோ, ஆருக்குத் தெரியும்?

ஒக்ரோபர் 7, செவ்வாய்

காலைச் சாப்பாட்டு நேரம் கொழுக்கி தட்டி எடுபட்ட சத்தம். நாகேஸ்வரியின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. படலையைத் திறந்துகொண்டு மருமகன். முகத்தில் இரத்தமில்லை.

"மாமி, அருந்ததிக்கு நோகுது. வாங்கோ."

அவள் ஓடினாள். அவர் என் முன்னால் நின்றார்.

"ஆஸ்பத்திரிக்கு ஆற்றை கார்?"

"சந்தி வின்சன்ற்றின்ரை கார். நான் நேற்றே சொல்லி வைச்சிருக்கிறன். உங்களுக்கு விருப்பமில்லாட்டி வேறை கார் பிடிப்பம்."

"ஏன் நேற்றே சொன்னனீங்கள்?"

"நாள் கிட்டுதெண்டு தெரியும். கார் கிடையாமல் போகுமெண்டு பயந்தனான் தம்பி."

அந்தச் சொல்லைக் கேட்டு அவர் முகத்தில் ஏதோ நடந்தது. பயம் எனக்கும் உண்டு என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லவில்லையோ?

"காரிலை ஆர் வாறது?"

எனக்குப் போகவேணும். என்ரை பிள்ளை. ஆனால் நான் ஏறினால் எங்கள் ஆட்கள் இரண்டு, அவர் ஒன்று. கணக்கு அப்படித்தான் ஓடும் அந்த மனத்தில்.

"நீங்கள் முன்னுக்கு இருங்கோ. மாமி அருந்ததியோடை பின்னுக்கு. நான் வரேல்லை. இஞ்சை நிக்கிறன். ஏதும் தேவையெண்டால் சொல்லியனுப்புங்கோ."

கார் போன பிறகு மிளகாய்க்குத் தண்ணீர் இறைத்தேன். இன்று முறை இல்லை. மழையும் பெய்யப்போகிறது. பம்மை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.

பொழுதுபட மருமகன் தானே சைக்கிளில் வந்து சொன்னார். "பெட்டைப்பிள்ளை மாமா. இரண்டு பேரும் சுகம்." பிறகு, "நான் கிட்டத்திலையே நிண்டனான். பிள்ளையை மாத்தேல்லை" என்றார்.

"நல்லது தம்பி" என்றேன். உண்மையாய்த்தான் சொன்னேன். அவ்வளவு கவனமாய் என் பேத்தியைக் காவல் காத்த தகப்பன் வேறு யார்?

ஒக்ரோபர் 19, ஞாயிறு

தாயும் பிள்ளையும் மேற்கு வளவில், நாகேஸ்வரியும் அங்கேதான். தாய்வீடு படலையால் நடந்து மகளிடம் போயிருக்கிறது. எனக்குக் கஞ்சி வைக்கப் பகலில் ஒருக்கால் வருவாள். திரும்பிப் போகும்போது படலையடியில் நின்று குரல் கொடுப்பாள், மருமகன் வந்து திறப்பார்.

பெரிய புதினச் செய்தி ஒன்று. ஊர்ப் பெண்கள் எல்லாரும் மருமகனைப் புகழுகிறார்கள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும் வரை கண்ட ஆட்களையும் உள்ளே விடக்கூடாது, கண்ணூறு படும், யார் எதைக் கொடுத்தாலும் பார்த்துத்தான் வாங்கவேணும் என்பது அவர்களின் சட்டம். இவர் ஒருவர்தான் அதை எழுத்துப் பிசகாமல் நடத்துகிறார். ஊர் முழுக்க ஒரு மாதத்துக்கு என் மருமகனைப்போல ஆகிவிட்டது. அவர்தான் அங்கே சாதாரண ஆள், நான்தான் விசரன்.

நவம்பர் 9, ஞாயிறு

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு முடிந்தது. பேத்தியை என் கையில் தந்தார். தந்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றார். கண் எடுக்கவில்லை. பிள்ளை என் மூக்கைப் பிடித்தது. சொல்ல எத்தனையோ வந்தது. "வடிவாய் இருக்கிறாள் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

அருந்ததி பெர்னடெட்டிடம் தனியே போய்க் கதைத்து வருகிறாள். ஒளித்துப் போகவில்லை, "டொக்ரரிட்டைப் போறன், எனக்குக் கதைக்கவேணும்" என்று அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அவர் போவதில்லை. போகமாட்டார் என்றும் டொக்ரர் சொல்லியிருக்கிறார். மாறுவார் என்று காத்திருந்தால் அருந்ததி கிழவியாகிவிடுவாள். அவள் காத்திருக்கவில்லை. வாழுகிறாள்.

1976 பெப்ரவரி 8, ஞாயிறு

இந்த மாதம் படலை ஒரு கிழமை பூட்டிக் கிடந்தது. நாகேஸ்வரி யாரோடோ குசுகுசுத்ததால் வந்த வினை. உடைக்கவில்லை, தட்டவில்லை, தூது அனுப்பவில்லை. "தம்பி, நாளைக்கு நான் இறைப்பன்" என்று மட்டும் வழக்கம்போலச் சொன்னேன். எட்டாம் நாள் திறந்தது.

மே 23, ஞாயிறு

நேற்றுப் பின்னேரம் பரமலிங்கம் வந்து ஒரு கதை சொன்னான். அவனுடைய மாடு சங்கக்கடைக்குள் புகுந்து, மனேச்சரை மேசையில் ஏற்றிவிட்டு, சீனிச் சாக்கை நக்கியதாம். கிணற்றடியில் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் யார் என்று பார்க்க மறந்துவிட்டேன். பழைய வருத்தம் அடியோடு போகாது, எனக்கும்தான்.

இன்று காலை கொழுக்கி எடுபட்டது. மருமகன், இடுப்பில் பேத்தி.

"மாமா, ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்கோ தம்பி."

"நேற்று நீங்களும் பரமலிங்கம் அண்ணையும் சிரிச்சது என்னைப் பற்றியோ?"

கேட்டார். கரவெட்டியில் எந்த வயதிலோ விட்டதை இன்று என் முற்றத்தில் வந்து கேட்டார்.

"இல்லைத் தம்பி. பரமலிங்கத்தின்ரை மாடு சங்கக்கடைக்குள்ளை பூந்து சீனிச் சாக்கை நக்கினது. அதுக்குத்தான் சிரிச்சனாங்கள்."

யோசித்தார். "நான் பரமலிங்கம் அண்ணையிட்டையும் கேப்பன்."

"கேளுங்கோ."

"சங்கக்கடையிலையும் கேப்பன்."

மாட்டையும் கேளுங்கோ என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். "ஓம் தம்பி, கேளுங்கோ" என்றேன்.

பேத்தி என் காதைப் பிடித்து இழுத்து முடிக்கும் வரை நின்றார். பிறகு போனார். படலை சாத்தி, கொழுக்கி விழுந்த சத்தம். ஒரு தரம் இழுத்துப் பார்த்த சத்தம். முன்பெல்லாம் அந்தச் சத்தம் நெஞ்சில் கருக்குமட்டையாய் இழுக்கும். இன்று, என் பிள்ளையும் பேத்தியும் உள்ளே பத்திரம் என்று கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் அருந்ததி சிரித்தாள். மாட்டுக் கதையைச் சொல்லியிருப்பார். அவளுடைய சிரிப்புக்குள் இன்னொரு சிரிப்பும் கேட்டது. கட்டையாய், துருப்பிடித்த பம் முதல் தரம் பிடிக்கிற மாதிரி. இந்த இரண்டு வருசத்தில் நான் கேளாத சிரிப்பு.

மாட்டைப் பற்றியோ? என்னைப் பற்றியோ?

என்னைப் பற்றித்தான் இருக்கவேணும். கேட்கப் போகவில்லை.